நாயகம் பேசுகிறான்

"என் மகன் என்கிட்ட ரொம்ப நல்லாப் பேசுதான், டாக்டரம்மா," என்றார் ஆவுடையப்பன். "எனக்குப் பயமா இருக்கு."

பிலோமினா தலையசைத்தாள். தலையசைப்பது அவள் வேலையில் பாதி. 'அப்படியா, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க' என்பது மீதிப் பாதி. அவள் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, தென் மாவட்டங்களில் தனியாக வாழும் வயதானவர்களோடு நாள் முழுக்கத் திரை வழியாகப் பேசுவாள். எல்லாருக்கும் ஒரே நோய், மனச்சோர்வு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒண்ணுமில்ல'. என்ன செய்கிறது என்று கேட்டால் ஒண்ணுமில்ல, ஏன் சாப்பிடவில்லை என்றால் ஒண்ணுமில்ல, ஏன் அழுகிறீர்கள் என்றால் அதற்கும் ஒண்ணுமில்ல.

ஆவுடையப்பன் செவ்வாய்க்கிழமை காலைக்காரர். சங்கரன்கோவிலில் சொந்த வீடு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது, பலவீனமான இருதயம், பலமான பிடிவாதம். மனைவி வடிவு போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் கோமதிநாயகம் கனடாவில், ஹாலிஃபாக்ஸில் இருந்தான். சொந்தத்தில் பெண் கொடுக்க வந்தும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கோபத்தில் சொந்தக்காரர்கள் அவர் வாசலை மிதிப்பதை எப்போதோ விட்டிருந்தார்கள், அவரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

"நல்லாப் பேசினா சந்தோஷம்தானே ஐயா? எதுக்குப் பயம்?"

"உங்களுக்கு எங்க வீட்டுச் சங்கதி தெரியாது," என்றார் ஆவுடையப்பன். "அவனுக்கு மீசை முளைச்ச நாள்ல இருந்து நானும் அவனும் நேருக்கு நேர் பேசினதில்ல. சண்டை கிண்டையெல்லாம் இல்ல. எல்லாம் அவ மூலமாத்தான். 'உம்மவன் எப்பம் வாரானாம்?'னு நான் கேப்பேன். 'அப்பாகிட்டச் சொல்லு, தீவாளிக்கு'ன்னு அவன் சொல்லுவான். மூணு பேரும் ஒரே கூடத்துலதான் இருப்போம்."

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவள் வீட்டிலும் அதே கதைதான். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்பாவும் வளர்ந்த மகனும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நாடுகள், நடுவில் தூதரகமாக ஒரு அம்மா. தூதரகத்தை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்து வைப்பதில்லை.

"வடிவு போன பொறவு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். 'சாப்டாச்சா?' 'ஆச்சு.' 'மாத்திரை?' 'ம்.' 'சரி, வைக்கேன்.' அம்புட்டுதான். இப்பம் தெனமும் சாயங்காலம் வாரான். 'அப்பா, உங்க ஞாபகமாவே இருக்கு'ங்கான். 'நீங்க எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டீங்க, நான் ஒரு நாளும் சொன்னதில்லையேப்பா'ங்கான்." அவர் குரல் தணிந்தது. "எங்கப்பா என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் நல்லாப் பேசினாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துகிட்டு, கையப் புடிச்சு, 'நீ நல்லா இருக்கணும்யா'ன்னாரு. மறுநாள் போயிட்டாரு. பெரியண்ணன், பாகம் பிரிச்சதுல இருந்து மொகம் பாக்காதவன், ஒருநாள் வீடேறி வந்து காப்பி குடிச்சுட்டு, 'தம்பி, ஒடம்பப் பாத்துக்க'ன்னான். அந்த ஆடி தாண்டல. எங்க குடும்பத்துல ஆம்பளைங்க பேச ஆரம்பிச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம், டாக்டரம்மா. எம்மவனுக்கு என்னமோ சீக்கு. அவன் மறைக்கான்."

பிலோமினா தலையசைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். தினமும் மாலை சுவர்த் திரையில் வந்து அப்படிப் பேசியது நாயகம் இல்லை.

அது அவள் வேலை பார்த்த 'உடனிருப்பு' நிறுவனத்தின் சரக்கு. தொலைவில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தையும் குரலையும் பதிவு செய்து வாங்கிக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரு பிள்ளையைச் செய்வார்கள். அந்தப் பிள்ளை தினமும் அழைக்கும். போன வாரம் முழங்கால் வலித்ததை ஞாபகம் வைத்துக் கேட்கும், சொன்ன கதையையே சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்கும், 'அப்புறம் பேசறேன்பா' என்று ஒருபோதும் வைக்காது. நிறுவனம் இதற்கு 'உறவு அழைப்பு' என்று பெயர் வைத்திருந்தது. ஆலோசகர்கள் தங்களுக்குள், பிள்ளைக்கு மாற்று என்ற பொருளில், 'மாத்து' என்பார்கள். பெரியவர்களிடம் சொல்லக் கூடாது, குடும்பத்தில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று சட்டமும் தலையாட்டியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் அது வேலை செய்யவும் செய்தது. சாப்பிடாதவர்கள் சாப்பிட்டார்கள், படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து கோயிலுக்குப் போனார்கள். அதனால்தான் பிலோமினாவும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

அன்று மதியமே சென்னையில் இருந்த தலைமை மருத்துவர் வைத்தீஸ்வரியைத் திரையில் பிடித்தாள்.

"சோர்வு எண் இறங்கியிருக்கே, பிலோ," என்றார் வைத்தீஸ்வரி. "சேர்ந்தப்போ இருந்ததுல பாதிதான் இப்ப சோர்வு."

"அவர் பயந்துபோய் இருக்கார் மேடம். எண்ணுக்கு அது தெரியல."

"எண்ணுக்கு என்ன தெரியணும்? தூங்கறாரா, குளிக்கறாரா, எவ்வளவு பேசறார், குரல் எப்படி இருக்கு, சிரிக்கறாரா. எல்லாம் தேறியிருக்கு."

"இந்த மாத்தைச் செஞ்சவங்க எந்த ஊர் அப்பா பிள்ளைகளைப் பார்த்துச் செஞ்சாங்க? அவருக்குப் பாசமாப் பேசற பையன்னா சாகப் போறவன்னு அர்த்தம். கொஞ்சம் குறைச்சுப் பேச வைங்க. முடிஞ்சா நடுவுல கொஞ்சம் எரிஞ்சு விழ வைங்க."

வைத்தீஸ்வரி சிரித்துவிட்டார். "பேசாத பிள்ளைதான் எல்லாருக்கும் ஏற்கனவே இருக்கே. அதுக்கு நாம எதுக்கு?" பிறகு எதையோ புரட்டிப் பார்த்து, "அளவைக் குடும்பம்தான் முடிவு பண்ணும். இவரோட பையன் உச்சத்துல வெக்கச் சொல்லியிருக்கார். எதுக்காகவும் குறைக்கக் கூடாதாம்," என்றார்.

"நான் அந்தப் பையன்கிட்டப் பேசலாமா?"

"குடும்பத்தோட பேசறது வேற பிரிவு. நீ தேவையில்லாம மனசைப் போட்டுக் குழப்பிக்கற."

பிலோமினாவுக்கு அந்த நாயகத்தின் மேல் கொலைவெறி வந்தது. ஹாலிஃபாக்ஸில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவன் மாதிரி, அப்பாவுக்குப் பாசத்தை உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு நிமிடம் அவனே அழைத்து 'சாப்டாச்சா, சரி வைக்கேன்' என்றிருந்தால் கிழவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இரண்டு வாரம் கழித்து ஆவுடையப்பன் முகச்சவரம் செய்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். ஓரத்தில் சோர்வு எண் இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. நிறுவனத்தில் யாராவது பார்த்தால் விளம்பரத்துக்குப் படம் எடுத்திருப்பார்கள். பிலோமினா பார்த்தது அவர் உதட்டை. அது நாவல்பழம் தின்றதுபோல நிறம் மாறியிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார்.

"ஐயா, மாத்திரை சாப்பிடறீங்களா?"

"பெட்டி என்ன சொல்லுது?"

சுவரில் ஒரு மாத்திரைப் பெட்டி இருந்தது. வேளைக்கு அதன் கதவு திறக்கும், கை உள்ளே போய் வந்தால் சாப்பிட்டார் என்று குறித்துக்கொள்ளும். அதற்குமேல் அதற்கு அறிவு கிடையாது.

"சாப்பிட்டதாத்தான் சொல்லுது. நான் உங்களைக் கேக்கறேன்."

ஆவுடையப்பன், திருட்டுத்தனமாக மாங்காய் தின்ற பையன் சொல்வதுபோல ஒரு வெட்கத்தோடு சொன்னார். "சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தேன், டாக்டரம்மா. என் ஆயுச எம்மவனுக்கு எடுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அதுக்கும் மாத்திரைக்கும்..."

"குடுத்துட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிப்புட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரையத் தின்னு ஆயுசப் பிடிச்சு வெச்சுக்கிட்டா அது கள்ளத்தனம் இல்லையா? வாஷ்பேசின்ல போட்டுத் தண்ணி ஊத்திருதேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "மனசு லேசா இருக்கு. வடிவு போன பொறவு எதுக்கு உசிரோட இருக்கேன்னு தெரியாமக் கெடந்தேன். இப்பம் தெரிஞ்சுபோச்சு."

அதனால்தான் எண் இறங்கியிருந்தது. சாவதற்கு ஒரு காரணம் கிடைத்த மனிதனை இயந்திரம் குணமானவனாக எடுத்துக்கொண்டது.

பிலோமினா வாதாடினாள், கெஞ்சினாள், டாக்டர் மாதிரி அதட்டிக்கூடப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்பு முடிந்ததும் விதிப்படி அபாய அறிவிப்புக் கொடுத்தாள். உள்ளூர் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் போனார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, அவர் கண் முன்னால் மாத்திரையை நாக்கில் வைத்து, நர்ஸ் தெருமுனை திரும்பியதும் துப்பிவிட்டார் ஆவுடையப்பன். 'உடனிருப்பு' தன் பங்குக்கு ஒன்று செய்தது. நோயாளி மாத்திரை சாப்பிடாவிட்டால் அவருக்கு நெருக்கமானவரை விட்டுச் சொல்ல வைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆவுடையப்பனின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. முக்காலியில் தூக்கி வைத்திருந்தார்.

"அழுதான், டாக்டரம்மா." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நாயகம் அழுதான். 'மாத்திரை சாப்பிடுங்கப்பா, நீங்க இல்லாம என்னால இருக்க முடியாதுப்பா'ன்னு தேம்பித் தேம்பி அழுதான். வடிவு செத்ததுக்கு வந்தப்பக்கூட அவன் அழுது நான் பாக்கல, கொல்லைப் பக்கம் போயிட்டான். இனிச் சந்தேகமே இல்ல. ரொம்ப முத்திப்போச்சு போல. நான் வெரசாக் கெளம்பணும்."

திரையின் மூலையில் பதிவாகிக்கொண்டிருப்பதற்கான சிவப்புப் புள்ளி எரிந்தது. வேலை போகும், இனி வேறு எங்கேயும் கிடைக்காது, வழக்குக்கூட வரலாம். போகட்டும் என்று தோன்றியது. ஒரு மனிதர் அவள் கண்ணெதிரே, ஒரு பொம்மைக்காகச் செத்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படாமக் கேளுங்க. சாயங்காலம் வந்து பேசறது உங்க மகன் இல்லை."

"ஆங்?"

"அது கம்ப்யூட்டர். உங்க மகன் முகம், உங்க மகன் குரல். பேச்சு அவரோடது இல்லை. எங்க கம்பெனிதான் செய்யுது. உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு செஞ்சது."

ஆவுடையப்பன் காலை முக்காலியிலிருந்து மெல்ல இறக்கினார். "அழுதது?"

"அதுவும்தான்."

"அப்பம் அவன் எப்பத்துல இருந்து பேசல?"

"இந்தத் திரை உங்க வீட்டுக்கு வந்ததுல இருந்தே." சொல்லிவிட்டு அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மாதக்கணக்காக மகன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஒரு தகப்பனிடம் சொல்ல வேண்டிவந்ததே என்று அவமானமாக இருந்தது.

"அவனுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையே? நீங்க பாத்தியளா?"

அவள் பார்க்கவில்லை. யாரும் அவளைப் பார்க்க விடவும் இல்லை. ஆனால் அந்த நீலம் பாரித்த உதடு அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.

"பார்த்தேன். நல்லா இருக்கார் ஐயா. வேலை, வேலைன்னு ஓடிட்டு இருக்கார். சம்மதம் குடுத்துட்டு, வேற ஆளைப் பேச விட்டுட்டு, அவர் பாட்டுக்கு இருக்கார்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து பிலோமினா எதையோ சொல்ல வாயெடுத்தபோது அவர் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"மூதி," என்று மகனைச் செல்லமாகத் திட்டினார். "அதானே பாத்தேன்! அவனாவது, பேசவாவது! என் ரத்தம்லா அவன்! ஆள வெச்சுப் பேச விட்டுட்டு அவன் பாட்டுக்குக் கெடக்கான் பாத்தியளா?"

"உங்களுக்கு வருத்தமா இல்லையா ஐயா?"

"என்னத்துக்கு வருத்தம்? எம்மவன் நல்லா இருக்கான்!"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்து, மாத்திரையை அவள் பார்க்கப் போட்டுக் குடித்தார், வாயைத் திறந்து காட்டினார். சாஸ்தாவிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு பொங்கல் வைத்தால் போச்சு என்றார். அந்தப் பொம்மை இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். டாக்டரம்மா மட்டும் வரலாம்.

அன்று மாலையே வைத்தீஸ்வரி கூப்பிட்டார். பிலோமினா ராஜினாமாவை மனதுக்குள் எழுதி வைத்திருந்தாள். ஆனால் வைத்தீஸ்வரி கத்தவில்லை, அதுதான் அவளைக் கலவரப்படுத்தியது.

"பதிவைப் பார்த்தேன், பிலோ. பையன் நல்லா இருக்கார்னு எதை வெச்சுச் சொன்ன?"

"வேற என்ன சொல்ல முடியும்? சொன்னதாலதான் மாத்திரை சாப்பிட்டார். அந்தப் பையனுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருந்தா இனியாவது அவரே பேசட்டும்."

வைத்தீஸ்வரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பையன் நம்மகிட்டச் சேர்ந்ததே ஆஸ்பத்திரியில இருந்துதான். கணையத்துல புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே கடைசிக் கட்டம். போய் நாலு மாசம் ஆச்சு."

பிலோமினா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அப்பா இருக்கற வரைக்கும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அது ஒண்ணுதான் அவர் கேட்டது. ஊர்ல யாருக்கும் சொல்லல. கூட வேலை பார்த்த ஒருத்தர்தான் எல்லாக் காரியமும் செஞ்சிருக்கார்." வைத்தீஸ்வரி தயங்கினார். "முகம், குரல் பதிவு பண்ணும்போது நம்ம ஆளுங்க அவர்கிட்ட, அப்பாகிட்ட வழக்கமா எப்படிப் பேசுவீங்கன்னு கேட்டிருக்காங்க. நாங்க பேசினதே இல்லை, அதனால எனக்குப் பேசத் தெரியாதுன்னு சொல்லியிருக்கார். நீங்களே எழுதிக்கங்க, ஆனா நல்லா எழுதுங்க, நான் சொல்லாம விட்டதெல்லாம் அதுல வரணும்னாராம். உச்சத்துல வெக்கச் சொன்னது அதுக்குத்தான்."

கிழவர் எல்லாவற்றையும் சரியாகக் கணித்திருந்தார் என்பது பிலோமினாவுக்கு மெல்லப் புரிந்தது. அவளுக்கும் எண்ணைக் கணக்குப் போட்ட இயந்திரத்துக்கும் தெரியாதது, திரையில் வந்த பொம்மையின் பேச்சை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. குடும்பத்து ஆண்கள் பேச ஆரம்பித்தால் முடிந்தது என்றார். மகன் பேச ஆரம்பித்தான், முடிந்துபோனான். அந்த உண்மையைத்தான் அவள் வேலையைப் பணயம் வைத்துப் பொய்யாக்கியிருக்கிறாள். செத்துப்போனவனை மனதுக்குள் என்னென்ன திட்டினோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வைத்தீஸ்வரி அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் போயிடறேன் மேடம்."

"எங்க போவ? வேற ஆளைப் பார்த்தா அவர் வாயே திறக்க மாட்டார். பையன் நல்லா இருக்கான்கற ஒண்ணை நம்பித்தான் இப்ப உயிரோட இருக்கார். அந்த நம்பிக்கையைக் காப்பாத்த இன்னொரு பொம்மையை நாங்க அனுப்ப முடியாது. இனி அவருக்கு நீதான் மாத்து."

அப்படித்தான் நடக்கிறது. ஆவுடையப்பனின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தார். பக்கத்து வீட்டில் மின்சாரம் போனால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள், இவரும் ஏணியில் ஏறாமல் கீழே நின்று அதிகாரம் செய்கிறார். மருந்துகள் குறைக்கப்பட்டிருக்கின்றன. சோர்வு எண் இறங்கிக்கொண்டே வருகிறது, இந்த முறை அது சொல்வது உண்மை. பிலோமினா மட்டும் வாராவாரம் திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்தே சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் திரைக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்தார். யாராவது கேட்கிறார்களா என்று வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவனைக் கூப்பிட்டுருவமான்னு ஒரு நெனப்பு வந்தது, டாக்டரம்மா. பொறவு வேண்டாம்னு விட்டுட்டேன். நானும் பேச ஆரம்பிச்சா அவன் பயந்துருவாம்லா?"

"ஆமா ஐயா."

"நீங்க அவன்கிட்டப் பேசுவீங்கள்ல? கம்பெனி விசயமா?"

"எப்பவாவது."

"என்னயப் பத்தி எதுவும் கேட்டானா?"

"இல்ல ஐயா," என்றாள் பிலோமினா. "ஒரு வார்த்தை கேக்கல."

அவர் முகம் மலர்ந்தது.